தேடுபொறியிலும் விபரக்கொத்திலும் காசு கொடுத்து இடம்பிடித்தல்: யாழ்ப்பாணத்து வணிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் விருந்தினர் விடுதிகள், நகைக் கடைகள், திருமண மண்டபங்கள், மிளகாய்த்தூள் அரைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவோர் ஆகியோருக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுப்பதும் அவர்களது விளம்பரக் கணக்குகளைப் பார்த்துக்கொள்வதும் என் தொழில். ஒரே கேள்விகளைப் பலரும் கேட்பதால் விடைகளை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

காசு கொடுத்தால் கூகிளில் முதலாவதாக வரலாமா?

கூகிளின் முடிவுப் பக்கத்தில் இரண்டு வகையான இடங்கள் இருக்கின்றன என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பக்கத்தின் மேற்பகுதியிலும் சில வேளைகளில் அடியிலும், விளம்பரம் என்று தெரியும்படி குறியிட்டு வருபவை விலைக்கு விற்கப்படும் இடங்கள். மற்றவை தேடுபொறி தானாகவே வரிசைப்படுத்துபவை. அவை விற்பனைக்கு இல்லை. ஒரு தளத்தை அடிக்கடி வந்து பார்ப்பதற்கோ, வரிசையில் உயர்த்துவதற்கோ தான் பணம் வாங்குவதில்லை என்று கூகிள் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. முதலிடத்தை எவராலும் உறுதிப்படுத்த முடியாது என்றும் அதே நிறுவனம் எழுதி வைத்திருக்கிறது.

ஆகவே, “மாதம் இவ்வளவு தாருங்கள், முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம்” என்று ஒருவர் கடைக்கு வந்து சொன்னால், அவர் எந்த இடத்தைச் சொல்கிறார் என்று அப்பொழுதே கேட்டுவிடுங்கள். விளம்பர இடத்தைச் சொல்கிறார் என்றால், அதை உங்கள் பெயரில் நீங்களே வாங்கலாம். மற்ற இடத்தைச் சொல்கிறார் என்றால், தன் கையில் இல்லாத பொருளை உங்களுக்கு விற்கிறார்.

அப்படியென்றால் காசுக்கு இடம் விற்கும் வழக்கம் எப்படி வந்தது?

வந்தவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் தேடுபொறிகள் உண்மையிலேயே இடத்தை விற்றன. பலர் அந்தக் காலத்து நினைவிலேயே இன்றும் பேசுகிறார்கள்.

1998 இல் அமெரிக்காவில் பில் குரோஸ் என்பவர் கோட்டு.கொம் என்ற தேடுபொறியைத் தொடங்கினார். ஒரு சொல்லுக்கு யார் கூடுதலாகக் கேட்கிறாரோ அவரது தளமே அங்கே மேலே வந்தது. ஒருவர் சொடுக்கினால் மட்டும் பணம் அறவிடப்பட்டது. அது பின்னர் ஓவர்ச்சர் என்று பெயர் மாறி, 2003 இல் யாஹூவின் கைக்குப் போனது. கூகிள் 2000 ஆம் ஆண்டு ஒக்டோபரில் அட்வேர்ட்ஸ் என்ற பெயரில் விளம்பரம் விற்கத் தொடங்கி, 2002 இல் சொடுக்குக்குப் பணம் என்ற ஏல முறைக்கு மாறியது. 2018 இலிருந்து அதன் பெயர் கூகிள் அட்ஸ். விளம்பரத்தையும் மற்ற முடிவுகளையும் வாசகர் பிரித்தறியும்படி காட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2002 இல் தேடுபொறிகளுக்கு எழுதியது. இன்று விளம்பரத்தின் மேல் நாம் காணும் சிறு குறிப்புக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

விளம்பர ஏலம் எப்படி நடக்கிறது?

பாசையூர் மீன் சந்தையில் ஏலம் நடக்கும்போது கூடுதலாகக் கேட்டவருக்கே மீன் போகும். அவர் மீனை எங்கே கொண்டுபோகிறார், எப்படிச் சமைக்கிறார் என்று எவரும் பார்ப்பதில்லை. கூகிளின் ஏலத்தில் அதையும் பார்க்கிறார்கள். ஒருவர் தேடும் ஒவ்வொரு முறையும், அந்தக் கணத்திலேயே, அந்தச் சொல்லை விரும்பும் விளம்பரதாரர்களிடையே ஓர் ஏலம் நடக்கிறது. நீங்கள் ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்பதோடு, உங்கள் விளம்பரத்தை மக்கள் சொடுக்கக்கூடிய வாய்ப்பு, தேடிய சொல்லுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள பொருத்தம், சொடுக்கியவர் போய்ச் சேரும் பக்கத்தின் தரம் ஆகியவையும் கணக்கில் எடுக்கப்படுகின்றன. வென்றவர் தாம் சொன்ன உச்சத் தொகையைக் கொடுப்பதில்லை. தமக்குக் கீழே நிற்பவரை முந்துவதற்கு வேண்டிய அளவே அவரிடம் அறவிடப்படும்.

இதனால் சிறு வியாபாரிக்கு ஒரு நன்மை உண்டு. “நல்லூருக்கு அருகில் குடும்ப அறை” என்று தேடியவரை, அறையின் படம், வாடகை, கோயிலுக்கு நடந்து போக எத்தனை நிமிடம் என்பது ஆகிய மூன்றும் உள்ள பக்கத்துக்கு நேரே அனுப்பும் சிறு விடுதி, பொதுவான முகப்புப் பக்கத்துக்கு அனுப்பும் பெரிய ஹோட்டலைவிடக் குறைந்த செலவில் மேலே வர முடியும். அதனால் விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒழுங்காக எழுதும்படி ஒவ்வொருவரிடமும் கெஞ்சாத குறையாகக் கேட்கிறேன்.

நாளுக்கு எவ்வளவு வைக்க வேண்டும்?

எல்லோருக்கும் பொருந்தும் தொகை ஒன்று இல்லை. உங்கள் வியாபாரத்துக்குப் பொருந்தும் கணக்கு ஒன்று இருக்கிறது. எடுத்துக்காட்டாக ஒரு கிளிக்குக்கு 40 ரூபாய் போகிறது என்றும், அப்படி வரும் 50 பேரில் ஒருவர் அறை பதிகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு பதிவுக்கு 2,000 ரூபாய் செலவாகிறது. அந்த அறையில் செலவெல்லாம் போக உங்களுக்கு மிஞ்சுவது 3,000 ரூபாய் என்றால் விளம்பரம் கட்டும். 1,500 ரூபாய் என்றால் ஒவ்வொரு விருந்தினருக்கும் நீங்கள் 500 ரூபாய் கொடுத்துப் படுக்க வைக்கிறீர்கள்.

இந்தக் கணக்கைப் போடுவதற்கு, வந்தவர்களில் எத்தனை பேர் விளம்பரத்தால் வந்தார்கள் என்று தெரிய வேண்டும். நம் ஊரில் பெரும்பாலானோர் தளத்தில் உள்ள படிவத்தை நிரப்புவதில்லை. வாட்ஸ்அப்பிலோ வைபரிலோ ஒரு செய்தி போடுகிறார்கள், அல்லது நேரே அழைக்கிறார்கள். எனவே அந்தப் பொத்தான்களை அழுத்துவதையும் ஒரு பலனாகக் கணக்கிடும்படி விளம்பரக் கணக்கை அமைக்க வேண்டும். தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியை வைத்து, “எங்களை எப்படி அறிந்தீர்கள்” என்று கேட்டு எழுதுவதும் நல்ல பழக்கம்.

இன்னொன்று: நீங்கள் குறித்த நாளாந்தத் தொகை ஒரு சராசரி மட்டுமே. தேடல் கூடிய நாளில் கூகிள் அதன் இரு மடங்குவரை செலவழிக்கலாம்; ஆனால் மாதம் முழுவதற்கும் அறவிடுவது அந்தத் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டாது. இதை அறியாமல், ஒரே நாளில் இரட்டிப்பாகப் போய்விட்டதென்று இரவில் பதறி அழைத்தவர்கள் உண்டு.

என் விளம்பரம் யாருக்குக் காட்டப்படுகிறது?

இந்த ஒரு கேள்வியில்தான் யாழ்ப்பாணத்துப் பணம் அதிகமாக வீணாகிறது, ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கணக்கில் “யாழ்ப்பாணம்” என்று இடத்தைத் தெரிவுசெய்தாலும், வழக்கமான அமைப்பில் அது யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களை மட்டும் குறிப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் அக்கறை காட்டுபவர்களையும் சேர்த்தே குறிக்கிறது. வேறு ஊர்களுக்கு இது சிறிய வேறுபாடாக இருக்கலாம். நமக்கு அப்படியன்று. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் இருந்துகொண்டு நாள்தோறும் யாழ்ப்பாணத்தைப் பற்றித் தேடும் நம் மக்கள் ஏராளம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்தநாள் கேக் செய்து விற்கும் வெதுப்பகத்தின் விளம்பரத்தை அவர்கள் சொடுக்கினால் அது பெரும்பாலும் வீண் செலவு. ஆனால் விடுதிக்கும், மண்டபத்துக்கும், காணி விற்பவருக்கும் அவர்களே முதன்மை வாடிக்கையாளர்கள். எனவே முன்னவர் “அந்த இடத்தில் இருப்பவர்கள் மட்டும்” என்ற தெரிவுக்கு மாற்ற வேண்டும். பின்னவர் ஒவ்வொரு நாட்டையும் தனித்தனிப் பிரசாரமாகப் பிரித்து, எந்த நாட்டிலிருந்து கேள்விகள் வருகின்றன என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது சொல். நல்லூருக்கு அருகில் விடுதி வைத்திருக்கும் ஒருவர், திருவிழாக் காலத்தில் பணம் மட்டும் போகிறது, ஒருவரும் அழைக்கவில்லை என்று சொல்லி என்னை அழைத்தார். வரவேற்பு மேசையில் அவருடைய மடிக்கணினியைத் திறந்து, மக்கள் உண்மையில் எந்தச் சொற்களைத் தட்டித் தேடினார்கள் என்று காட்டும் அறிக்கையை இருவருமாகப் பார்த்தோம். “நல்லூர் தேர் நேரலை”, “நல்லூர் கொடியேற்றம் எத்தனை மணி”, “நல்லூர் சப்பறம் வீடியோ” என்று பக்கம் பக்கமாக ஓடியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “தம்பி, உவையள் அறை தேடுற ஆக்கள் இல்லை, வீட்டிலிருந்து திருவிழா பார்க்கிற சனமெல்லோ” என்றார். அதுவேதான் நடந்திருந்தது. “நல்லூர் திருவிழா” என்ற சொல்லைப் பரந்த பொருத்தம் என்ற அமைப்பில் விட்டிருந்தார்கள். அந்த அமைப்பில், தொடர்புள்ளது என்று கூகிள் கருதும் எல்லாத் தேடல்களுக்கும் விளம்பரம் போகும்.

“நேரலை”, “வீடியோ”, “எத்தனை மணி” போன்றவற்றை விலக்கும் சொற்களாகச் சேர்த்து, “நல்லூர் அருகில் அறை”, “நல்லூர் விடுதி” போன்ற சொற்றொடர்களை மட்டும் வைத்துக்கொண்டோம். அந்த அறிக்கையை வாரத்துக்கு ஒரு முறையாவது திறந்து பார்க்காதவர் விளம்பரம் செய்யாமல் இருப்பதே மேல் என்பது என் உறுதியான எண்ணம். தேடல் விளம்பரத்தை அமைக்கும்போது, வேறு தளங்களிலும் படமாகக் காட்டும் காட்சி வலையமைப்பு தானாகவே இணைந்திருக்கிறதா என்றும் பார்த்து, தேவையில்லையென்றால் நீக்கிவிடுங்கள்.

தமிழில் விளம்பரம் கொடுக்க முடியுமா?

முடியும். கூகிளின் விளம்பரச் சேவை 2018 இலிருந்து தமிழை ஏற்கிறது. ஆனால் நம் மக்கள் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் தமிழாகவும், நேரே ஆங்கிலத்திலும் தேடுகிறார்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்காகத் தேடும்போது பெரும்பாலும் கடைசி இரண்டு வகைதான். மூன்றையும் தனித்தனியாக வைத்துப் பார்த்துவிட்டு, எது அழைப்பைக் கொண்டுவருகிறதோ அதற்குப் பணத்தைக் கூட்டுங்கள்.

காசே கொடுக்காமல் என்ன செய்யலாம்?

விளம்பரத்துக்கு ஒரு சதம் செலவழிக்க முன்னர் இதை முடிக்க வேண்டும். கூகிள் வரைபடத்தில் கடையைக் காட்டும் வணிக விபரப் பக்கம் முற்றிலும் இலவசம். முன்பு கூகிள் மை பிசினஸ் என்று அழைக்கப்பட்டது. 2021 இலிருந்து கூகிள் பிசினஸ் புரொஃபைல். அதற்குப் பணம் கேட்பவர் தமது உழைப்புக்குக் கேட்கலாம், அதில் பிழையில்லை. கூகிளுக்குக் கட்ட வேண்டும் என்று கேட்டால் அது பொய்.

கடை உங்களுடையது என்று உறுதிப்படுத்தும்படி கேட்பார்கள். இப்போது பெரும்பாலும் ஒரு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது: வீதி தெரிய வேண்டும், பெயர்ப் பலகை தெரிய வேண்டும், நீங்களே கதவைத் திறந்து உள்ளே போவது அல்லது காசாளர் மேசையை இயக்குவது போன்ற ஏதாவது தெரிய வேண்டும். கஸ்தூரியார் வீதியில் இருக்கும் கடைக்கு இது ஐந்து நிமிட வேலை. ஒழுங்கைக்குள், இலக்கமில்லாத வீட்டில் பனங்கட்டியும் ஒடியல்மாவும் பொதி செய்யும் அம்மாவுக்குத்தான் சிக்கல். அவரிடம் நான் சொல்வது: பெயர்ப் பலகை ஒன்றை முதலில் எழுதி மாட்டுங்கள், பிறகு, ஒழுங்கை தொடங்கும் முடக்கிலிருந்து படலை வரை நடந்தபடியே, ஒரே தொடர்ச்சியாக எடுங்கள், வரைபடத்தில் ஊசியை உங்கள் கையாலேயே சரியான இடத்தில் வையுங்கள்.

உள்ளூர் முடிவுகளை வரிசைப்படுத்தும்போது பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றையும் பார்ப்பதாகக் கூகிள் சொல்கிறது. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. திறக்கும் நேரம், படங்கள், சரியான வகைப்பெயர் ஆகியவற்றால் பொருத்தத்தைக் கூட்டலாம். வாடிக்கையாளர் எழுதும் மதிப்புரைகள் பிரபலத்துக்கு உதவும். ஆனால் பணமோ விலைக்கழிவோ கொடுத்து மதிப்புரை எழுதுவிப்பது விதிகளுக்கு முரண், கண்டுபிடித்தால் அவை நீக்கப்படும்.

இணையத்தளத்தைப் பொறுத்தவரை, கூகிளின் சேர்ச் கொன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தின் வரைபடக் கோப்பை, அதாவது தளத்திலுள்ள பக்கங்களின் பட்டியலைக் கொடுத்துவிட்டால், எந்தப் பக்கங்கள் சேர்க்கப்பட்டன, எந்தச் சொற்களுக்கு நீங்கள் தோன்றுகிறீர்கள் என்று நீங்களே பார்க்கலாம். பிங்குக்கும் இதுபோன்ற கருவி உண்டு.

“500 தேடுபொறிகளில் பதிவு செய்கிறோம்” என்கிறார்களே?

வேண்டாம். நம் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் தேடுபொறிகளை ஒரு கையின் விரல்களிலேயே எண்ணிவிடலாம். அவற்றில் சேர்வதற்குக் கட்டணமும் இல்லை.

விபரக்கொத்துக்களில் காசு கொடுத்துப் பதிவதால் பலன் உண்டா?

விபரக்கொத்து என்பது வணிகங்களையோ தளங்களையோ வகைப்படுத்தித் தொகுத்த பட்டியல். அதை உங்கள் வாடிக்கையாளர் திறந்து பார்க்கிறாரா என்பதே என் அளவுகோல். வீடு கட்டும் ஒருவர் சீமெந்துக்கோ ஓட்டுக்கோ ரெயின்போ பேஜஸைப் பார்க்கக்கூடும். அப்படிப்பட்டவர்கள் உங்களுக்கு வேண்டுமென்றால் அங்கே இருப்பதில் பொருளுண்டு. வெளிநாட்டுப் பயணிகள் அறை தேடுவது பதிவுத் தளங்களில். அவை முன்பணம் கேட்பதில்லை, ஒவ்வொரு பதிவுக்கும் தரகு எடுக்கின்றன. ஆகவே மேலே போட்ட அதே கணக்கை அங்கேயும் போட்டுப் பாருங்கள்.

எவரும் பார்க்காத விபரக்கொத்தில், “கூகிளில் உயர்வதற்கு ஓர் இணைப்பு கிடைக்குமே” என்று பணம் கட்டுவதுதான் தவறு. இந்த நம்பிக்கைக்கும் ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. யாஹூவின் விபரக்கொத்து, வணிகத் தளம் ஒன்றைப் பரிசீலிப்பதற்கு மட்டும் ஆண்டுக்கு 299 டொலர் அறவிட்டது. சேர்ப்பார்கள் என்ற உறுதி அதில் இல்லை. தொண்டர்கள் நடத்திய டீமொஸ் என்ற விபரக்கொத்து இலவசமாகச் சேர்த்தது. அவற்றில் இடம் கிடைத்தால் தேடுபொறிகள் மதித்தன. முதலாவது 2014 இன் முடிவில் மூடப்பட்டது, இரண்டாவது 2017 இல் மூடப்பட்டது. இடையில், 2012 ஏப்ரலில், பெங்குவின் என்ற மாற்றத்தின் மூலம், வரிசையில் ஏறுவதற்காகவே செயற்கையாகச் சேர்த்த இணைப்புகளால் உயர்ந்த தளங்களைக் கூகிள் கீழே இறக்கியது. இன்று பணம் பெற்றுக் கொடுக்கும் இணைப்புக்கு அது விளம்பரம் என்ற குறியை நிரலில் இட வேண்டும் என்பது அதன் விதி. குறியிட்ட இணைப்பு உங்களை உயர்த்தாது, குறியிடாத இணைப்பு உங்களுக்குத் தீங்கு செய்யலாம்.

பணம் கட்டும்படி கடிதம் வந்திருக்கிறது. கட்டாவிட்டால் தளம் போய்விடுமா?

கடிதத்தைக் கவனமாக முழுவதும் வாசியுங்கள், குறிப்பாக அடியில் உள்ள சிறிய எழுத்தை. நான் தொழில் தொடங்கிய முதலாவது ஆண்டில் எனக்கும் இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தது. என் தளத்தின் பெயர், முடிவுத் திகதி, செலுத்த வேண்டிய தொகை எல்லாம் விலைச்சிட்டை போலவே அச்சாக இருந்தன. தளப்பெயரை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, புதுப்பிப்பதற்கு என்று நினைத்து, கடனட்டையால் கட்டிவிட்டேன். மூன்று வாரங்கள் கழித்து என் உண்மையான பதிவாளரிடமிருந்து புதுப்பிக்கும்படி நினைவூட்டல் வந்தபோதுதான் முதலாவது கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். “இது விலைச்சிட்டை அன்று, தேடுபொறிப் பதிவுச் சேவைக்கான அழைப்பு” என்ற ஒரு வரி சாம்பல் நிறத்தில் அடியில் இருந்தது. பணம் திரும்பி வரவில்லை.

தளப்பெயரை யாரிடம் பதிந்தீர்கள், எந்தத் திகதியில் முடிகிறது என்ற இரண்டையும் கடையின் கணக்குப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். டொட் எல்கே அல்லது .இலங்கை என்று முடியும் பெயராக இருந்தால், எல்கே தளப்பெயர்ப் பதிவகத்தில் அல்லது நீங்கள் வாங்கிய முகவரிடம் மட்டுமே பணம் கட்ட வேண்டும். வேறு எவரது கடிதத்துக்கும் பதில்கூட எழுத வேண்டியதில்லை.

விளம்பரத்தை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கலாமா?

ஒப்படைக்கலாம்; ஆனால் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் அட்டையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு விளம்பரக் கணக்குக்கும் பத்து இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று இருக்கிறது. அந்த எண்ணைக் கொடுத்தால், நடத்துபவர் தம் முகாமைக் கணக்கிலிருந்து இணைந்து வேலை செய்யலாம், விலகும்போது இணைப்பை மட்டும் அறுத்துக்கொண்டு போவார். அவருடைய கணக்குக்குள் உங்கள் விளம்பரத்தை வைத்தால், பிரியும்போது பல மாதத்துத் தரவுகளும் அவருடனேயே போய்விடும். சுன்னாகத்து வணிகர் ஒருவர் இப்படி இரண்டு ஆண்டுத் தரவுகளை இழந்து முதலிலிருந்து தொடங்கினார். எந்தச் சொல்லுக்கு எவ்வளவு போனது என்றுகூட அவரிடம் ஒரு தாள் இல்லை.

கூகிளுக்குப் போகும் தொகையும் நடத்துபவரின் கூலியும் பற்றுச்சீட்டில் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள்.

கனடாவில் இருக்கும் மகன் தேடினால் விளம்பரம் வருகிறது, கடையிலிருந்து நான் தேடினால் வரவில்லையே?

இடம், நேரம், கருவி, முன்பு தேடியவை ஆகியவற்றுக்கு ஏற்ப முடிவுகள் மாறும். அன்றைய தொகை தீர்ந்திருக்கவும் கூடும். உங்கள் விளம்பரத்தை நீங்களே திரும்பத் திரும்பத் தேடிப் பார்க்க வேண்டாம். சொடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால், விளம்பரத்தை எவரும் விரும்பவில்லை என்று அமைப்பு கருதும். சொடுக்கினால் உங்கள் பணம் போகலாம். கணக்குக்குள்ளேயே முன்னோட்டக் கருவி இருக்கிறது. நாட்டையும் மொழியையும் தெரிவுசெய்து அதில் பாருங்கள்.

விளம்பரத்தை நிறுத்தினால் சாதாரண முடிவுகளிலும் கீழே போவோமா?

போக மாட்டீர்கள். இரண்டும் வெவ்வேறு கணக்கு.

நல்லூர்த் திருவிழாவுக்கு எப்பொழுது தொடங்க வேண்டும்?

சாதாரண முடிவுகளில் முன்னேற விரும்பினால், திருத்தங்கள் செய்த பின் பலன் தெரிவதற்கு நான்கு மாதத்திலிருந்து ஓர் ஆண்டுவரை ஆகலாம் என்று கூகிளே சொல்கிறது. ஆகவே வரும் ஆண்டுத் திருவிழாவுக்கான பக்கத்தை, இந்த ஆண்டுத் திருவிழா முடிந்து அறைகள் ஓய்ந்திருக்கும் நாள்களிலேயே எழுதிவிடுங்கள். அந்த 25 நாள்களில் விருந்தினர் உங்களிடம் கேட்ட கேள்விகள் அப்போதுதான் நினைவில் இருக்கும். விளம்பரத்துக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. வெளிநாட்டுக் குடும்பங்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்து விமானச் சீட்டு எடுக்கும் மாதங்களில் அவர்கள் இருக்கும் நாடுகளுக்கு மட்டும் தொடங்குங்கள். கொடியேறுவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது கொழும்புக்கும் திறந்துவிடுங்கள். அறைகள் நிறைந்த அன்றே நிறுத்திவிடுங்கள்.